கேத்தி நீலம் அல்ல

பிப்ரவரி 4, செவ்வாய்

தவமணி சாரின் மகள் ஹெப்சி வந்துவிட்டாள். டாக்ஸிக் கதவை அவள் சாத்திய வேகத்தில் என் அடுப்படி ஜன்னல் அதிர்ந்தது. ஜனவரியில் அப்பாவின் அடக்கம் முடிந்த கையோடு சென்னைக்குப் போனவள், இப்போது வீட்டைக் காலி செய்து விற்பதற்காக வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு இது பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

சாவி கேட்டு வந்தாள். அவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அது என்னிடம்தான் இருந்தது. அவர் வராந்தா முழுக்க மரத்தட்டுகளில் ஆப்பிரிக்கன் வயலெட் அடுக்கி வைத்திருப்பார். குன்னூர்க் குளிரில் அவற்றைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. தினமும் போய், இலையில் ஒரு சொட்டுப் படாமல், அடித்தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

உள்ளே வரச் சொன்னேன். வாசலில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க ஆண்டி."

கொடுத்தேன். அவள் அம்மாவின் மூக்கு அப்படியே இருக்கிறது அவளுக்கு.

பிப்ரவரி 5, புதன்

பூட்டை மாற்றிவிட்டாள்.

பிப்ரவரி 8, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடிப்படி ஏற மாட்டேன் என்று அந்த ஆள் வழக்கம்போல் முனகினான். மூன்று படி. அதற்குப் பெயர் மாடி.

அடுப்படி ஜன்னலில் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் வைத்தேன். அதைப் பற்றி இங்கே எழுதி வைப்பது நல்லது. அது தவமணி சார் எனக்குக் கொடுத்த செடி. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கொடுத்தார். வயலெட்தான், என்ன ரகம் என்று தெரியாது. தயிர் டப்பாவைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொரு தொட்டியிலும் பெயர் எழுதிக் குத்தி வைப்பது அவர் பழக்கம். இதில் சீட்டு இல்லை. பூத்துப் பார்க்காமல் எதற்கும் பெயர் எழுத மாட்டார். கார்த்திகை மாதம் நான் கேட்டபோது, "பூக்கட்டும், சொல்றேன்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. சாயங்காலம் டீ குடிக்கப் போகிற இடத்தில் எல்லாவற்றையும் துருவிக் கேட்கிற ஆள் இல்லை நான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஹெப்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். கிறிஸ்துமஸுக்கு அப்பா போனில் ஒரு விஷயம் சொன்னாராம். மழைக்காலத்தில் பழைய நீலச் செடி ஒன்றில், தானாகவே ஒரே ஒரு பூ வேறு மாதிரி வந்ததாம். ஒவ்வொரு இதழும் வெள்ளை, நடுவில் நீலக் கோடு, பார்ப்பதற்குக் காற்றாடி மாதிரி. அந்தப் பூ வந்த பக்கக் கன்றை மட்டும் பிரித்துத் தனியாக வைத்திருக்கிறாராம். அடுத்த தடவையும் கோடு நின்றால் அதற்கு அவள் அம்மா பெயரை வைக்கப் போகிறேன் என்றாராம். ரூபி.

சீட்டு இல்லாத தொட்டி எதுவும் வராந்தாவில் இல்லையே, எங்கே என்று கேட்டாள். எல்லாம் அங்கேதான் இருந்தது, நன்றாகத் தேடு என்றேன்.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். எதிர்முனையில் பேசுகிறவர் நம்புகிறாரா இல்லையா என்பது மூச்சு விடுவதிலேயே தெரிந்துவிடும். அவள் நம்பவில்லை.

எனக்கு வேறு ஒன்றுதான் உறுத்துகிறது. எந்தச் செடிக்கு எந்த உரம் என்பதுவரை அவர் என்னிடம் பேசுவார். இதைச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அப்படி ஒரு பூ பூத்திருந்தால் நான் பார்த்திருக்க வேண்டும். நான் வருவதற்குள் கிள்ளியிருப்பாரா?

என் ஜன்னலில் இருப்பது அது இல்லை. இருக்க முடியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று காட்டெருமை வந்தது. தனியன். சாயங்காலம் நான் மார்க்கெட்டிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போது, எங்கள் சந்தின் மேல்கோடியில், தவமணி சார் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஹெப்சி சர்ச் முடிந்து பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சென்னைப் பழக்கம், கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். அது தலையைத் தாழ்த்திற்று. நான் அவள் கையைப் பிடித்து என் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுப்படி ஜன்னலிலிருந்துதான் சந்து தெரியும். எருமை போய்விட்டதா என்று பார்க்க அவள் அங்கே போனாள். எருமையைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள்.

"இது அப்பாவோடது."

"என்னோடது. அவரே குடுத்தாரு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு. வராந்தாவுல குளிரு, உங்க அடுப்படியில கொண்டுபோய் வையுங்கன்னாரு."

"அன்னிக்கு அவரால பேசவே முடியலைன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

நான் பாலை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. பூக்கட்டும் என்றாள். கோடு போட்ட பூ வந்தால் அது அம்மாவுடையது, கொண்டுபோவாள். வேறு எது வந்தாலும் நான் வைத்துக்கொள்ளலாம். அதுவரை தினமும் வந்து பார்ப்பாள். என் வீட்டுக்குள் வந்து, என் ஜன்னலில் இருப்பதை வைத்துக்கொள்ள எனக்கே அனுமதி கொடுக்கிறாள்.

சரி என்றேன். எருமை போக ஒரு மணி நேரம் ஆயிற்று. டீ வைத்தேன், அவள் தொடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பூ வரும்வரை காத்திருக்க நான் முட்டாளா? வயலெட்டை இலையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். எனக்குக் கற்றுத் தரவேண்டியதில்லை.

தொட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இலை வட்டம், ஓரம் லேசாகச் சுருக்கம். காம்பு சேரும் இடத்தில் வெள்ளைப் பொட்டு இல்லை. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நல்ல சிவப்பு. அடி சிவந்திருந்தால் பெரும்பாலும் பூ கருத்த நிறம்தான், நீலமோ ஊதாவோ. வெள்ளைப் பூவுக்கு அடி வெளிறியிருக்கும். என்னிடம் கேத்தி நீலம் ஒன்று இருக்கிறது. அது தவமணி சாரே பெயர் வைத்த ரகம், சாதாரண ஒற்றை அடுக்கு நீலப் பூ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இலைக்கு இலை ஒன்றேதான். மேலே இருக்கும் ரோமம்கூட.

வேலிக்குப் போய் அவளிடம் சொன்னேன். இது வெறும் கேத்தி நீலம், உன் அம்மா பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று.

"பூக்கட்டும் ஆண்டி" என்று உள்ளே போய்விட்டாள்.

அவரைப் போலவே சொல்கிறாள். சகிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

மொட்டு வந்திருக்கிறது. இலைகளுக்கு நடுவே, கொக்கி மாதிரி வளைந்த இரண்டு காம்புகள், நுனியில் கடுகளவு. நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே பார்த்துவிட்டாள். கைபேசியில் படம் எடுத்தாள். நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று ஆதாரத்துக்கு எடுக்கிறாள்.

காலையில் லேப்டாப்பில் அலுவலக மீட்டிங் முடிந்ததும் வருகிறாள். செருப்பை வாசலில் விடுகிறாள், ஜன்னல்வரை வருகிறாள், பார்க்கிறாள், போகிறாள். சுவரில் இருக்கும் படங்களைப் பார்ப்பதில்லை. கொடியில் உலரும் துணியை மட்டும் ஒரு நாள் பார்த்தாள். அவருடைய பழுப்பு ஸ்வெட்டர் அங்கே இருந்தது. கிழிசல் தைக்க என்னிடம் கொடுத்திருந்தார். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு மொட்டு உதிர்ந்துவிட்டது. விடிகாலைக் குளிர் இன்னும் விடவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஹெப்சி அந்தக் காம்பை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். உதிர்ந்த மாதிரித் தெரியவில்லை, நகத்தால் கிள்ளிய மாதிரி இருக்கிறது என்றாள். உதிர்ந்தாலும் காம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன். இன்னொரு காம்பில் மூன்று மொட்டுகள் இருக்கின்றன, அவையும் உதிருமா என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று சண்டை.

ஆரம்பித்தது நான்தான் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் போலீஸ் மாதிரி வருகிறாயே, இவ்வளவு அக்கறை அப்பா உயிரோடு இருக்கும்போது எங்கே போயிற்று என்று கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், இரண்டு நாள் இருப்பாள். உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியாதா ஆண்டி? அம்மா படுத்த படுக்கையா இருந்தப்பவே நீங்க வர ஆரம்பிச்சிட்டீங்க."

செடி பார்க்கத்தான் வந்தேன் என்றேன். உன் அம்மா இருந்தவரை நான் வராந்தாவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. அது சத்தியமான பேச்சு.

"தெரியும். அம்மாவுக்குக் கழுத்துக்குக் கீழ அசையாது. கட்டில்ல படுத்துக்கிட்டுப் பார்க்க முடிஞ்சது ஒரே ஒரு ஜன்னல். அது வராந்தாப் பக்கம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் தொட்டி மேல குனிஞ்சு பேசிக்கிட்டிருப்பீங்க. அம்மா பார்த்துக்கிட்டே இருப்பாங்க. பக்கத்துல நான் உக்காந்து அம்மா பார்க்கிறதைப் பார்ப்பேன்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். கடைசியிலும் அப்பாவை என்னிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியை இரண்டு நாள் கழித்துத்தானே சொன்னீர்கள், நான் வந்து சேரும்போது அவர் இல்லை என்றாள்.

மகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவரே தலையசைத்தார் என்றேன். எப்படித் தலையசைத்தார் என்று கேட்டாள். நான் வெளியே போ என்று சொல்லிவிட்டேன்.

போனாள். போகும்போதும் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

மார்ச் 15, சனி

அந்த ஜன்னலுக்கு எப்போதும் திரை போட்டிருந்தது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 19, புதன்

மொட்டுகள் பருத்துவிட்டன. நுனி கருநீலம். கேத்தி நீலம்தான், சந்தேகமே இல்லை. ஹெப்சி வந்தாள், பார்த்தாள், போனாள். பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் அதுவே சௌகரியம்.

செடி எப்படி வந்தது என்று முன்பு எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அதில் கொஞ்சம் விட்டுப் போயிருக்கிறது. ஆம்புலன்சில் அவரை ஏற்றினார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி. கதவைப் பூட்டுவதற்காக நான் வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். இந்தத் தொட்டி மற்றவற்றோடு இல்லை. படுக்கையறையில், அவர் தலைமாட்டில், அந்த ஜன்னல் விளிம்பில் இருந்தது. கார்த்திகையில் வராந்தாவில் நான் கேட்ட தொட்டி அங்கே போயிருப்பது எனக்குத் தெரியாது. கையில் எடுத்திருக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டு ஓடிவந்து வண்டியில் ஏறினேன். அவ்வளவு அவசரத்தில் ஏன் எடுத்தேன் என்றால், வீட்டில் யாரும் இல்லாமல் அது பட்டுப்போகும் என்றுதான்.

மற்ற தொட்டிகளும் அந்த வீட்டில்தான் இருந்தன. அவை பட்டுப்போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது பார்த்தேன். முதல் பூ விரிந்திருந்தது.

ஐந்து இதழ்கள். ஓரமெல்லாம் வெள்ளை. ஒவ்வொன்றின் நடுவிலும், கீழிருந்து விளிம்புவரை, பேனாவால் இழுத்த மாதிரி ஒரு நீலக் கோடு. மத்தியில் மஞ்சள் முடிச்சு. சுற்றிவிட்டால் சுற்றும் போல இருந்தது. நாற்பது வருஷமாக வயலெட் வளர்க்கிறேன், இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. இதை எழுத எனக்கு விருப்பமில்லை.

நகத்தை அதன் கழுத்துவரை கொண்டுபோனேன். பிறகு கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஹெப்சி பார்த்தாள். படம் எடுக்கவில்லை. நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கினாள்.

"வர்றேன் ஆண்டி" என்றாள்.

ஜன்னலில் அடித்தட்டு மட்டும் வட்டமாகக் கிடந்தது. கழுவி உள்ளே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

வீடு விற்றாயிற்றாம். பெங்களூர்க்காரர்கள். சனிக்கிழமை ஹெப்சி கிளம்புகிறாள். வராந்தாச் செடிகளை ஊரில் இருக்கும் மலர்க் குழுவுக்குக் கொடுத்துவிட்டாள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. ஆட்கள் தொட்டிகளைக் காதைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இலையைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் வெளியே போய்க் கேட்கவில்லை. கேட்க நான் யார்?

பால்காரர் இன்னொன்றும் சொன்னார். ரூபி அம்மா சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர். அந்தத் தோழிகள் ஒவ்வொருவருக்கும் காற்றாடிச் செடியிலிருந்து ஓர் இலை கொடுக்கப் போகிறாளாம். வெள்ளிக்கிழமை வீட்டில் ஜெபம் வைத்து, அன்று இலைகளைக் கிள்ளி, ஈரப் பஞ்சில் சுற்றி, ஆளுக்கொன்று. அடுத்த ஈஸ்டருக்கு எல்லார் வீட்டிலும் ரூபி பூக்கும் என்கிறாளாம்.

பூக்காது.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மற்ற வயலெட்டுகளில் இலையை ஊன்றினால் அதே செடி வரும். காற்றாடி ரகத்தில் வராது. அது ஒரே உடம்பில் இரண்டு செடி. தோலில் ஒன்று, உள்ளே வேறொன்று. இரண்டும் ஒட்டிக்கொண்டு வளர்வதால்தான் அந்தக் கோடு. இலையிலிருந்து முளைக்கும் குட்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். வெறும் நீலம் வரும், இல்லை வெறும் வெள்ளை வரும். கோடு வேண்டுமானால் பக்கக் கன்றாகத்தான் எடுக்க வேண்டும். தவமணி சாருக்கு இது தெரியும். எனக்குத் தெரியும். இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

கிள்ளட்டும். நல்லா மொட்டையடிக்கட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

மத்தியானம் அவர் கட்டிலை வெளியே கொண்டுவந்தார்கள். வாசலில் சாய்க்கும்போது ஒரு கால் முறிந்தது. ஹெப்சி அந்தக் காலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்கச் சின்னப் பெண் மாதிரி இருந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டாம் வேளை மாத்திரையை மறந்துவிட்டேன். ரேஷனுக்குப் போகவேண்டும், போகவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெபம் நாலு மணிக்கு என்று சொன்னார்கள். மூன்று மணிக்கே போனேன். கையில் புது பிளேடு ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. வீட்டில் ஒன்றும் இல்லை, சுவர்களும் இரவல் நாற்காலிகளும்தான். படுக்கையறை ஜன்னல் விளிம்பில் தொட்டி. இப்போது மூன்று பூ. பக்கத்தில் கத்தரிக்கோலும் பஞ்சும் தயாராக இருந்தன.

இலையைக் கிள்ளாதே என்றேன். ஏன் என்று சொன்னேன். தோலில் ஒன்று, உள்ளே ஒன்று, பக்கக் கன்று, எல்லாம். அவள் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்போ என்ன செய்யணும்?"

"நடுக் குருத்தை வெட்டி எடுக்கணும். தலை போனாத்தான் இது சுத்திலும் கன்னு விடும். அந்தக் கன்னுல கோடு வரும்."

பிளேடை எடுத்தேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா பேர் வச்ச செடியோட கழுத்தை வெட்டணும்னு நீங்க வந்து சொல்றீங்க. நான் எதுக்கு உங்களை நம்பணும்?"

"நம்ப வேண்டாம். நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா, அடுத்த வருஷம் எல்லார் வீட்டுலயும் உங்கம்மா பேர் போட்ட தொட்டியில வெறும் நீலம் பூத்திருக்கும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளா அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

என்ன நினைத்தாளோ, தரையில் உட்கார்ந்தாள். தொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நானும் முழங்காலை மடக்கி எதிரில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியுமா என்று அப்போது யோசிக்கவில்லை. வெளி இலைகளை விலக்கினேன். நடுவில் பொடி இலைகளும் புது மொட்டுகளுமாகக் குருத்து. பிளேடை வைத்தேன். அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது.

வெட்டினேன். பூக்களும் அதோடு வந்துவிட்டன.

அந்த நிலையிலேயே, தலை நிமிராமல் கேட்டாள்.

"கடைசியில அப்பா ஒண்ணுமே பேசலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"பேசினாரு."

அவள் நிமிரவில்லை.

"ரெண்டாம் நாள் சாயங்காலம் மூடியைக் கழட்டச் சொல்லிக் கையைக் காட்டினாரு. நர்ஸ் கொஞ்ச நேரம் கழட்டினாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ரூபி, பாப்பா வந்துட்டாளா'ன்னு கேட்டாரு."

பாப்பா என்பது ஹெப்சி. சின்ன வயதிலிருந்தே அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். அவருக்கு ரூபியா இருந்துதான் சொன்னேன். வேற என்ன செய்யச் சொல்ற? அப்புறம் வெளிய வந்துதான் உனக்குப் போன் போட்டேன்."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். ஜெபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆச்சா உங்களுக்கு?"

"சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன்."

வெட்டிய குருத்தை அவள் ஈரப் பஞ்சில் சுற்றினாள். அதையும் ஊன்றலாம், வேர் பிடித்தால் அதிலும் கோடு நிற்கும், ஆனால் சென்னை வெயிலுக்கு நிச்சயமில்லை என்றேன். அவள் எழுந்து எனக்குக் கையைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். வேறு வழியில்லை.

ஜெபத்துக்கு நான் இருக்கவில்லை. யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

டாக்ஸி வாசலில் நிற்க, ஹெப்சி தொட்டியோடு வந்தாள். தலை போன செடி, சுற்றிலும் பெரிய இலைகள் மட்டும். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. என் அடுப்படி ஜன்னலில் அவளே கொண்டுபோய் வைத்தாள். கன்று விடும்வரை குளிர்ச்சியில் இருக்க வேண்டும், சென்னையில் பிழைக்காது என்று யாரிடமோ விசாரித்திருக்கிறாள். நான் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்திருக்கிறாள்.

"இதை உங்களுக்குக் குடுக்கலை ஆண்டி. விட்டுட்டுப் போறேன்."

"தெரியும்."

"கன்னு வந்ததும் போன் பண்ணுங்க. ரெண்டு நாள் கழிச்சு இல்ல. அன்னிக்கே."

கதவை அறைந்துதான் சாத்தினாள். அந்தப் பெண்ணுக்கு டாக்ஸிக் கதவு சாத்தவே தெரியாது.

ஏப்ரல் 21, திங்கள்

ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றினேன்.

மே 6, செவ்வாய்

வெட்டிய இடத்தைச் சுற்றி நாலு பச்சை மூக்குகள். ஒன்று இலைக்காம்பின் அடியில் ஒளிந்திருந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கண்டுபிடித்தேன். உடனே போன் செய்தேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள், இருந்தும் எடுத்தாள். வந்திருக்கிறது என்றேன். எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. இந்தத் தடவை நம்புகிற மூச்சு.

ஜூனில் வந்து எடுத்துக்கொள்வாளாம். பாடகர் குழுவில் மூத்தவர்கள் இரண்டு பேருக்கு ஒவ்வொன்று, அவளுக்கு ஒன்று. நாலாவது யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுவரை யாரும் தொடக்கூடாது என்றாள். தொடாமல் எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டு, போனை வைத்துவிட்டேன்.

பெங்களூர்க்காரர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். வராந்தாக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்கிறார்கள். சந்தெல்லாம் சுண்ணாம்புத் தூசி. தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றி, தலைமாட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். நாலில் ஒன்றுகூடச் சாகக் கூடாது. ஒன்று குறைந்தாலும் அவள் என்னைத்தான் கேட்பாள்.